மாதாவுக்கு அடிமை வைத்த பிள்ளை

செபமாலை சொல்லும்போது எனக்குக் கால் ஆடும். இப்போதும் ஆடுகிறது, கண்டிக்கத்தான் ஆளில்லை.

மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கோயிலில் பூசை லத்தீனில் நடக்கும், பிரசங்கம் மலையாளத்தில். வீட்டில் மட்டும் தமிழில் செபிப்போம். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா, மாதாவுக்குத் தமிழ்தான் சட்டென்று புரியும் என்று நம்பினாள்.

“ஏம்ல காலை ஆட்டுத? சாமியாரான பிறகு பூசையிலயும் இப்படித்தான் ஆட்டுவியா?”

நான் சாமியாராகப் போகிறேன் என்பது சந்து முழுக்கத் தெரிந்த செய்தி. எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியவில்லை. அப்போது கல்லூரியை முடித்துவிட்டு, கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் ஏஜெண்டிடம் எழுத்தராக இருந்தேன். மனு, சோதனை, தீர்வை, வெளியேற்ற அனுமதி என்று ஒரு பெட்டி கடலிலிருந்து கடைக்குப் போகும் வழியை உறக்கத்திலும் சொல்வேன். செபமாலையின் நடுவிலும் மனசு அந்த வழியிலேயே போய்க்கொண்டிருக்கும். ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று வாய் சொல்லும். சீல் உடைந்த பெட்டிக்கு யார் கையெழுத்து வேண்டும் என்று மூளை கேட்கும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து வலிப்பு கண்டதாம். காயலுக்கு நடுவே ஒரு தீவில் மாதா கோயில் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் அங்கே பிள்ளையைப் பீடத்தின் முன் கிடத்தி, மாதாவுக்கு அடிமை என்று ஒப்புக்கொடுப்பார்கள். பிறகு அடிமை வேலைக்கு அடையாளமாகக் கோயில் முற்றத்தைப் பெருக்கி, அத்தோடு கடன் தீர்ந்ததென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகேறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மாவும் ஒப்புக்கொடுத்தாள், பெருக்கினாள், தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் ஊருக்குப் புதிதானவள் என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கொடுத்தது கொடுத்ததுதான், வளர்த்துச் சாமியாராகத் தருவது மட்டும் தன் பொறுப்பு. திருப்பி எடுத்துக்கொண்டால், மாதாவும் தான் தந்த உயிரைத் திருப்பி எடுத்துக்கொள்வாள்.

எதிர்வீட்டுச் சேச்சிக்கு இது விளங்கவே இல்லை.

“அது இவிடெ எல்லாரும் செய்யுன்னதல்லே? என்றெ மூணு மக்களும் அடிமையாணு. ஒருத்தன் கப்பலில், ஒருத்தன் சாயாக்கடையில். மூத்தவன் ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கம் எட்டிக்கூட நோக்கில்ல.”

“அது உங்க மாதாவோட பெருந்தன்மை. நான் வாக்குக் கொடுத்தவ.”

“மாதா ஒண்ணே உள்ளூ.”

“அதான் பயமா இருக்கு.”

அப்பா இந்த விவகாரத்தில் அபிப்பிராயம் சொல்ல மறுத்துவிட்டார். அவர் துறைமுகத்தில் மேஸ்திரி. இரண்டு முதலாளிகளுக்கு நடுவே நிற்கக் கூடாது என்று தெரிந்தவர்.

அந்த வருஷம் மழை தொடங்குவதற்குள், சாமியார் படிப்புக்குச் செமினாரிக்குப் போகிறேனா இல்லையா என்று பங்குச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். நான் எதையும் விதியிலிருந்து தொடங்குகிறவன். நேரே அவரிடம் போய், தாய் செய்த நேர்ச்சை மகனைக் கட்டுப்படுத்துமா என்று கேட்டேன். அவர் வாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மையுடெ நேர்ச்சை அம்மைக்கு. நினக்கு அதில் கடமை ஒண்ணும் இல்ல. ஆபீஸ் போல எழுதித் தரணுமோ?”

“வேண்டாம், அச்சா.”

“இனி நான் ஒண்ணு கேக்கட்டே. நினக்குப் போகணுமோ?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை.

விதி என் பக்கம் இருந்ததுதான் தொல்லையாகிவிட்டது. கட்டாயம் என்றால் அம்மாவைச் சபித்துக்கொண்டே போயிருக்கலாம், அல்லது சபித்துக்கொண்டே மறுத்திருக்கலாம். இப்போது கேள்வி அவளுடையது அல்ல. தேவன் என்னை அழைக்கிறாரா? அழைத்தால் எப்படித் தெரியும்? ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில் படகுத்துறையில் நின்றிருந்தேன். நீர் இறங்கிய நேரம். சேற்றில் ஒரு கொக்கு. சட்டென்று எல்லாம் அடங்கி, யாரோ என்னை, என்னை மட்டும், கோபமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. படகு வந்ததும் அது போய்விட்டது. அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்வதா? பார்ப்பது வேறு, கூப்பிடுவது வேறு அல்லவா? இதற்கு மேல்முறையீடு செய்ய ஒரு மேசை இல்லை. இப்படிப் பல வாரம். பூசையில் முழந்தாளிட்டால் எழுந்து போகத் தோன்றும். வெளியே வந்தால் திரும்ப உள்ளே போகத் தோன்றும்.

முடிவில், போக வேண்டாம் என்று தீர்மானித்தேன். காரணம் எதுவும் உயர்வானதல்ல. போனால் அம்மாவின் பயத்துக்காகப் போவேன். ஆயுள் முழுக்க, எனக்கு நினைவே இல்லாத ஒரு காய்ச்சலுக்காகப் பூசை வைப்பேன்.

அம்மா ஒரு சனிக்கிழமை தீவுக் கோயிலுக்குப் பெருக்கப் போனாள். கூடப் போனேன். முற்றத்தில் ஈர்க்குமாற்றோடு அவள் பாதி தூரம் போனதும் சொன்னேன்.

“அம்மா, நான் செமினாரிக்குப் போகல.”

பெருக்குவதை நிறுத்தினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கிட்டே வந்து, புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை என்று தெரிந்தும் சற்று நேரம் கையை எடுக்கவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லுத? உள்ள போய் அவகிட்ட சொல்லு.”

உள்ளே போனேன். மேலிடத்தில் பேச எனக்குத் தெரிந்தது ஒரே நடைதான். மேற்படி விஷயத்தில், என் தாயார் முன்பு அளித்த வாக்கைப் பொறுத்தவரை, தாங்கள் கருணை கூர்ந்து, அதற்கு நானே பொறுப்பு என்று ஏற்று, தாயாரைப் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அப்படிக் கேட்டபோது நான் பயந்தது நிஜம். என் வாழ்க்கையில் மனசு வேறெங்கும் போகாமல் சொன்ன செபம் அது ஒன்றுதான். பதிலுக்குக் காத்திருந்தேன். மெழுகுவர்த்திகள் எரிந்தன. யாரோ இருமினார்கள்.

வெளியே வந்தேன்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல.”

ஈர்க்குமாற்றின் அடியைக் கல்லில் தட்டிச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “எங்கிட்டயும் ஒண்ணும் சொன்னதில்ல. நீ பிழைச்ச அன்னைக்குக்கூட. நானாத்தான் சரின்னு வச்சிக்கிட்டேன்.”

இத்தனை வருஷம் அவளிடம் ஒரு பதில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது இல்லாமலேயே அவள் தினம் முழந்தாளிட்டிருக்கிறாள். எனக்கு நிம்மதி வரவில்லை. காலடியில் படகு அசைவது போலத்தான் இருந்தது.

மீதி முற்றத்தையும் பெருக்கி முடித்தாள். படகுத்துறைக்கு நடக்கும்போது, “எதிர்வீட்டுக்காரிகிட்ட நீயே சொல்லிரு” என்றாள்.

“நீ சொல்லக் கூடாதா?”

“என்னால முடியாதுப்பா. மாதாகிட்ட சொல்லுதது லேசு.”