பிரியாணி அடுப்பில் எரிந்த அச்சுக்கட்டைகள்

ஜெயபாரதிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் மகள் குந்தவை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். குணசேகரனுக்கு அது தெரியாது. பதினாலு வருஷம் கத்தாரில் இருந்தவர். மனைவியின் குரலைப் பெரும்பாலும் போனில்தான் கேட்டிருந்தார். போனில் எல்லாருடைய குரலும் ஒரே மாதிரிதான்.

பேராவூரணிக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு. புயலில் பாதி மரங்கள் சாய்ந்த வருஷம் குணசேகரன் ஊர் திரும்ப முடியாமல் போனது. அந்த வருஷம்தான் ஜெயபாரதி கொல்லைப்புறக் கொட்டகையில் ஒரு ஸ்க்ரோல் சா மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். தையல் மெஷின் அளவுதான் இருக்கும். நூல் மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும், பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் கொடியும் பூவும் வெட்டலாம். அதை ஒரு மழைக்காலத்தில் பழகிவிட்டாள். பிடிபடாமல் இழுத்தடித்தது மரத்தை வளைக்கும் வேலைதான்.

வெட்டின பூ தட்டையாகக் கிடக்கும். இதழ் நிமிர்ந்து சுருள வேண்டுமென்றால் பூவரச மரத்தில் மெல்லிதாக அறுத்த பட்டையை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் ஒரு கட்டைமேல் சுற்றி கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அந்தக் கட்டைதான் அச்சு. பட்டை காய்ந்ததும் கிளாம்பைக் கழற்றினால் கொஞ்சம் விரிந்துகொள்ளும். அதனால் வேண்டிய வளைவைவிட அச்சு கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒடித்து ஒடித்துத்தான் கண்டுபிடித்தாள். குக்கரிலிருந்து ரப்பர் குழாய் வழியாகத் தகரப் பெட்டிக்கு ஆவி விட்டு, உள்ளங்கை கொப்பளித்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அச்சு செதுக்கி, பென்சிலால் குறி போட்டு அலமாரியில் அடுக்கியிருந்தாள். அவளுடைய ஆறு வருஷம் அந்த அலமாரியில் இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளேடு வாங்கப் பட்டுக்கோட்டை போய்விட்டு வந்தாள். வாசலில் இரண்டு கார்கள். ஊரோடு வந்துவிட்ட தம்பியைப் பார்க்க குணசேகரனின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். கொல்லையில் கல் கூட்டி, பெரிய தேக்சாவில் பிரியாணி தம்மில் இருந்தது.

"வா ஜெயா, சரியான நேரத்துக்கு வந்த" என்றார் குணசேகரன். "மழையில நனைஞ்ச தென்னமட்டை பத்தவே மாட்டேங்குது. நல்லவேளை, உன் கொட்டாயில காஞ்ச கட்டையா அடுக்கி வச்சிருந்த. என்னமா நின்னு எரியுது பாரு!"

ஜெயபாரதி அடுப்பைப் பார்த்தாள். கடைசியாகச் செருகிய கட்டையில், நெருப்பு இன்னும் தொடாத முனையில், அவள் பென்சில் குறி தெரிந்தது. கையை விட்டு இழுத்தாள். விரல் பொசுங்கியது. கட்டையில் மிஞ்சியது ஒரு கைப்பிடி அளவு.

"எல்லாத்தையும் எடுத்தீங்களா?"

"கட்டைதானே. வேற வாங்கிக்கலாம்."

அவள் கிணற்றடிக்குப் போய்க் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து அடுப்பில் கவிழ்த்தாள். புஸ்ஸென்று எழுந்த சாம்பல் அண்ணனின் வெள்ளை வேட்டிவரை போனது.

"வேகாட்டி ஓட்டல்ல வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விருந்தாளிகள் போனபிறகு குணசேகரன் கதவருகே வந்து நின்று கத்தினார். அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன், ஒரு விறகுக்காகவா இந்த ஆட்டம், தச்சரிடம் சொன்னால் நாளைக்கே புதுசு செய்து தருவார். ஜெயபாரதி உள்ளே காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்தத் தச்சரிடம் எதைச் சொல்வது? அந்த வளைவுகள் அந்தக் கட்டைகளைத் தவிர வேறெங்கும் இல்லை.

வேலை பாதியில் நின்றது. அதிராம்பட்டினத்துச் சுஹைப் தன் தங்கை கல்யாணத்துக்கு ஆளுயரக் கண்ணாடிக்குச் சட்டம் கேட்டிருந்தான். நாலு பக்கமும் கொடி, கொடியிலிருந்து நிமிர்ந்து சுருளும் இதழ்கள். இடப்பக்க இதழ்கள் முடிந்திருந்தன. வலப்பக்கம் அதே வளைவில் வர வேண்டும். மறுநாள் குழம்புச் சட்டி, காஸ் சிலிண்டரின் கழுத்து, குழவிக்கல் என்று கிடைத்ததிலெல்லாம் சுற்றிப் பார்த்தாள். ஒன்று அகலமாக வந்தது, ஒன்று கோணியது, மற்றவை படக் படக்கென்று ஒடிந்தன.

புது அச்சு செதுக்கக் கனமான, நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். ஈர மரத்தில் செய்தால் அச்சே முறுக்கிக்கொள்ளும். மழை மாசத்தில் மரவாடி முழுக்க ஈரம். வலப்பக்கத்தை முடிக்க முடியாது என்று சுஹைப்பிடம் போனில் சொன்னாள்.

"அக்கா, ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் பரவாயில்ல, கொடுங்க" என்றான்.

பரவாயில்லை என்ற அந்த வார்த்தைதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

அந்த வாரம் குணசேகரன், கூட வேலை பார்த்த நண்பர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வேதாரண்யம் பஸ் ஏறினார். ஜெயபாரதி கூடத்துக்கு வந்தாள். நடுவில் டைனிங் டேபிள் நின்றது. ஊர் வந்த கையோடு அவர் வாங்கியது. தடித்த ரப்பர் மரம், சூளையில் காய வைத்தது, எலும்பு மாதிரி உலர்ந்தது. தினமும் அதன் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து "ஜெயா, தண்ணி" என்பார்.

அவள் யோசிக்கவே இல்லை. டேபிளைக் கவிழ்த்துக் கால்களைக் கழற்றினாள். பலகையைக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். கை ரம்ப மெஷினால் துண்டு போட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி இறுக்கினாள். ரம்பம் பாயப் பாய நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. சந்தோஷமான கோபம்.

சாயங்காலம் வந்த குணசேகரன் கூடத்தில் நாலு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். கொட்டகைக்கு ஓடினார்.

"ஏய், பைத்தியமா உனக்கு? டேபிள்டீ அது!"

"ஆமாங்க. டேபிள்தான்."

"கத்தார்ல கேம்ப் ரூம்ல பதினாலு வருஷம் கட்டில்மேல தட்ட வச்சுத் தின்னேன். சொந்த வீட்டுல மேசை போட்டு உக்காந்து சாப்பிடணும்னு…" குரல் உடைந்தது. "உனக்கு என்ன தெரியும்?"

ஜெயபாரதி மெஷினை நிறுத்தினாள். அது அவளுக்குத் தெரியாது. மனசு ஒருகணம் துவண்டது. ஆனால் விடவில்லை.

"தெரியாதுங்க. நீங்க சொல்லல" என்றாள், மிக மெதுவாக. "அந்தக் கட்டை என்னன்னு உங்களுக்கும் தெரியாது. நீங்க கேக்கல. நான் இங்க தனியா உக்காந்து என்ன பண்ணிட்டிருந்தேன்னு வந்த நாள்லேருந்து ஒருநாள் கேட்டீங்களா? என் கொட்டாய்க்குள்ள மொதல் தடவ நுழைஞ்சதே விறகு எடுக்கத்தான்."

குணசேகரன் வீட்டுக்குள் போய், தானே சோறு போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

புது அச்சு முதல் தடவை சரிவரவில்லை. செதுக்கினாள். மறுபடி செதுக்கினாள். ஒருவழியாக வலப்பக்க இதழ் இடப்பக்க இதழோடு பொருந்தியது. கல்யாணத்துக்கு முன்தினம் சுஹைப் வேனோடு வந்தான். இதழின் முதுகைத் தடவிப் பார்த்து, "இதெல்லாம் வளச்சதாக்கா? நான் வெட்டி ஒட்டினதுன்னு நெனச்சேன்" என்றான். வேனில் ஏற்றும்போது குணசேகரன் கை கொடுக்க வந்தார். ஜெயபாரதி அவரை விலக்கிவிட்டு, அந்தப் பக்கத்தைத் தானே தூக்கினாள்.

இப்போது கொட்டகைக்குப் பூட்டு உண்டு. சாவி அவள் தாலிக்கொடி ஊக்கில் தொங்குகிறது. கூடத்தில் இன்னொரு டேபிள் வரவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதும் இல்லை. போன வாரம், பெட்டியிலிருந்து ஆவி பறக்கும் பட்டையை அவள் உருவிக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலின் வெளிச்சம் மறைந்தது.

"உள்ள வரலாமா?" என்றார் குணசேகரன்.

சூடு ஆறுவதற்குள் வளைக்க வேண்டும். அவள் தலை நிமிரவில்லை.

"இப்ப வேண்டாம்."

அவர் போகாமல் வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார்.