மைக் இல்லாமல் பாடிய பின்னேரம்

திருகோணமலை நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். குளிசை எடுத்துக் கொடுப்பதும், எதைச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டும், எதைப் பின் போடவேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் என் தொழில். நான் பாட்டும் கட்டுவேன். இதை வெளியில் கூச்சமில்லாமல் சொல்ல எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

கிற்றார் என் கணவர் கொண்டுவந்தது. அவர் துறைமுகத்தில் மின்வேலை பார்க்கிறவர். நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியை மூடும்போது அங்கே வேலை செய்த சிநேகிதர் ஒருவர் அதை அவரிடம் கொடுத்திருக்கிறார். ஒரு தந்தி இல்லை. "சுவரில கொழுவி வைப்பம், வடிவாக் கிடக்கும்" என்றார் கணவர். நான் தந்தி வாங்கிப் போட்டேன். கைபேசியில் பார்த்துப் பார்த்து, சமையல் முடிந்த நேரங்களில் குசினிக் கதிரையில் இருந்து பழகினேன். வாசிக்க வந்ததும் பாட்டும் வந்தது. சினிமாப் பாட்டுகளைப் பாட எனக்கு மனம் வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள், சல்லிக் கிராமத்தில் இருக்கும் எங்கள் சனங்கள் எல்லாரும்தான் பாட்டுக்குள் வந்தார்கள்.

முதல்முறை ஆட்களுக்கு முன்னால் பாடியது பெரிய தோல்வி. நகரத்தில் ஒரு விழா. நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் இடையில் எனக்கு இரண்டு பாட்டுக்கு இடம் தந்திருந்தார்கள். முதல் பாட்டின் பாதியிலேயே சனம் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் மேடை ஓரத்துக்கு வந்து, "அக்கா, இசைக்குழு வந்திட்டினம், கெதியா முடியுங்கோ" என்றார். நான் முடிப்பதற்குள் மைக் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. சிலர் சிரித்தார்கள்.

எனக்குப் பின்னால் பாட இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு கணக்கு ஆசிரியர். றபான் என்ற கைப்பறையைத் தட்டிக்கொண்டு, தானே கட்டிய கவிகளைப் பாடுகிறவர். அவரை மேடைக்குக் கூப்பிடவே இல்லை. வெளியே தேத்தண்ணிக் கடையில் றபானை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "தங்கச்சி, உங்களுக்குப் பாதிப் பாட்டாவது கிடைச்சிச்சி. எனக்கு இந்தத் தேத்தண்ணி மட்டும்தான்" என்றார். அழ இருந்த நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து, முஸ்லிம் சனங்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, அவர் எனக்கு நானா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வீட்டு முற்றத்தில் இருந்து அவருடைய மனைவிக்கும் மாடுகளுக்கும் பாடிக் காட்டுவோம்.

அந்த முற்றத்தில் யாரோ கைபேசியில் பதிந்த எங்கள் பாட்டு ஒன்று கை மாறி மாறிப் போய் ஒரு பாதிரியாரிடம் சேர்ந்திருக்கிறது. இறக்கக்கண்டிக்குப் போகும் வழியில், கடலோரக் கிராமம் ஒன்றின் பங்குத்தந்தை. ஒரு மத்தியானம் கடைக்கே தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, எங்கட கோயில்ல வந்து ஒரு பின்னேரம் பாடுவீங்களோ? நீங்களும் அந்த றபான்காரரும். உங்கட சொந்தப் பாட்டுகள் மட்டும்."

"ஃபாதர், என்ர பாட்டில சாமி இல்லையே."

"ஆக்கள் இருக்கினம்தானே? அது காணும்."

நானாவிடம் சொன்னேன். அவர் என்னிடம் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார். பிறகு தானே பாதிரியாரைக் கூப்பிட்டு, தான் வருவது அங்கே ஆருக்கும் பிரச்சினையாக இருக்குமோ என்று கேட்டார். "உங்களுக்குப் பிரச்சினை இல்லையெண்டால் எங்களுக்கும் இல்லை. தொழுகிறதுக்கு என்ர வீட்டு விறாந்தை இருக்கு, முடிச்சிட்டுத் தொடங்குவம்" என்று பதில் வந்தது. நானாவின் மனைவி அதைக் கேட்டுவிட்டு, "பாட்டுத்தானே பாடப் போறீங்க. நானும் வாறன்" என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஆனால் கோயிலின் பாடற்குழுத் தலைவிக்குச் சம்மதமில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கோயிலில் பூசைப் பாட்டுகளை நடத்திவரும் அக்கா அவர். பீடத்துக்கு முன்னால் நின்று கண்டது கடியது பாடுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே ஏலாது என்றாராம். ஆகவே கச்சேரிக்கு முந்திய கிழமை பாதிரியார் எங்களை அவருக்குப் பாடிக் காட்டச் சொன்னார். பாதிரியாரின் வீட்டு விறாந்தையில், அக்கா மடியில் கைகளை வைத்துக்கொண்டு, நாங்கள் பாடியதையெல்லாம் கண் வெட்டாமல் கேட்டார். முடிந்ததும் எழுந்து நின்றார்.

"தூஷணம் ஒண்டும் இல்லை. பாடலாம்" என்றார். அவ்வளவுதான்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை. முச்சக்கரவண்டியில் கணவர் எங்களைக் கொண்டுபோனார். கிற்றார் என் மடியில், றபான் நானாவின் மடியில், இரண்டுக்கும் நடுவில் நானாவின் மனைவி. வழியெல்லாம் எனக்கு ஆட்கள் வரமாட்டார்கள் என்று பயம். வந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம்.

கோயில் சின்னது. ஓட்டுக்கூரை, இரண்டு பக்கமும் உயரமான யன்னல்கள், கடற்காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. ஆண்டவர் என்றே அவர்கள் வணங்கும் நற்கருணை அப்பத்தைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மர வாங்குகளில் ஆட்கள் நிறைந்து, பின்னுக்குப் பாய் விரித்து, அதிலும் இடமில்லாமல் வாசற்படியிலும் சனம். மீனவக் குடும்பங்கள், சல்லியிலிருந்து வந்த எங்கள் ஆட்கள், நானாவோடு படிப்பிக்கிற இரண்டு ஆசிரியர்கள். பலர் என் கடைக்கு வருகிறவர்கள். முகங்களைப் பார்த்ததும் அவரவர் வாங்கும் மருந்துதான் என் நினைவுக்கு வந்தது.

"மைக் எங்க?" என்று என் கணவர் பாதிரியாரிடம் கேட்டார். வயர் தேவைப்படும் என்று தன் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார், பாவம்.

"மைக்கோ? நான் மைக் இல்லாமல்தான் பிரசங்கம் வைக்கிறனான். கடைசிப் பாயில நித்திரை கொள்ளுற ஆளுக்கும் கேக்கும். போய் இருங்கோ."

நான்தான் முதலில். பீடத்துக்குக் கீழே ஒரு கதிரை. முதல் தந்தியைத் தட்டியதும் அந்தச் சத்தம் சுவரில் ஏறி, ஓட்டில் பட்டு, திரும்பி என்னிடமே வந்தது. என் கிற்றார் அவ்வளவு நல்ல கிற்றார் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாடத் தொடங்கினேன். மருந்துக்கடைப் பாட்டு.

"எனக்கில்லைப் பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரிக்கு,
நெஞ்சுக்குள்ள எரியுதாம், நித்திரையும் இல்லையாம்.
எனக்கில்லைப் பிள்ளை, நான் நல்ல சுகம்,
எதுக்கும் ரெண்டு குளிசை கூடத் தா."

நானாவின் வீட்டில் இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அவருக்கு மனம் நொந்துவிட்டதோ என்று நினைத்தேன். பாட்டு முடிந்தது. கை தட்டல் இல்லை. காற்று யன்னலை ஆட்டும் சத்தம் மட்டும். யாரோ ஒருவர் இருமினார்.

நான் எழுந்து நானாவுக்கு இடம் விட்டேன். அவர் றபானைக் கையில் எடுத்து, பாலம் வருவதற்கு முந்திய காலத்துக் கவியைப் பாடினார். கிண்ணியாத் துறையில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் மிதவையை அங்கே பாதை என்றுதான் சொல்வார்கள்.

"பாதை போகுது, பாதை போகுது,
பாதித் தண்ணியில என் மனசு.
அந்தக் கரையில அவள் நிக்கிறாள்,
இந்தக் கரையில அவட வாப்பா."

அவருடைய குரல் அந்தக் கூரைக்கென்றே செய்தது போல இருந்தது. றபானின் அடி வாங்குப் பலகைக்குள்ளால் என் காலுக்கு வந்தது. அவர் முடித்தார். மறுபடியும் அதே மௌனம். முன்வரிசையில் பாடற்குழு அக்கா சுரூபம் போல அசையாமல் இருந்தார். நகரத்து மேடையில் குறைந்தது சிரித்தாவது விட்டார்கள். இது அதைவிடக் கொடுமை. கணவரைப் பார்த்தேன். அவர் தன் வயர்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக நான் ஒன்று பாடினேன். நாலாவதாக நானா. ஒன்றுமில்லை. றபானை இறக்கி வைத்துவிட்டு நானா நேரே பாதிரியாரைப் பார்த்தார். வகுப்பில் கேட்கும் குரலிலேயே கேட்டார்.

"ஃபாதர், மறைக்காமச் சொல்லுங்க. பாட்டு சரியில்லியா? சரியில்லாட்டி நாங்க இத்தோட நிப்பாட்டுவம். சனத்த ஏன் கஷ்டப்படுத்துவான்."

பாதிரியார் ஒரு நொடி விழித்தார். பிறகு தன் நெற்றியில் தானே ஒரு அடி அடித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் பாடற்குழு அக்கா எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தேன்.

"தம்பி, இது கோயில். நாங்கள் கோயிலுக்குள்ள கை தட்டுறேல்லை. சின்ன வயதில இருந்து அப்பிடித்தான் பழக்கம். தட்டலாம் எண்டு ஆராவது சொன்னாத்தானே தட்டலாம்! ஃபாதர் சொல்லுவார், சொல்லுவார் எண்டு நாலு பாட்டா நான் பாத்துக்கொண்டிருக்கிறன். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு நோகுது!"

"தட்டுங்கோ," என்றார் பாதிரியார், இரண்டு கையையும் விரித்து. "ஆண்டவர் பக்கத்து அறையிலதான் இருக்கிறார். அவருக்கும் கேக்கட்டும்."

அப்போது வந்த சத்தத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு பாட்டுக்கும் சேர்த்து வைத்திருந்த கை தட்டல் ஒரே நேரத்தில் விழுந்தது. கூரையில் இருந்த புறாக்கள் யன்னலால் பாய்ந்து வெளியே போயின. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திய அம்மா இப்போது கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவருடைய தோளில் அடித்து, "நீதான், நீதான் பக்கத்து வீட்டுக்காரி!" என்றார். வாசலில் நின்ற மீனவர்கள் விசில் அடித்தார்கள். அது கொஞ்சம் கூடிப்போனதுதான், ஆனால் பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லை. நானா றபானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி பெண்கள் பக்கத்து வாங்கில் இருந்து அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவருக்கு அது காணும் போலிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வேறு கச்சேரி. முதல் பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னார்கள். "எனக்கில்லைப் பிள்ளை" என்ற அடியை ஆண்கள் பக்கம் கையில் எடுத்துக்கொண்டது. அடுத்த அடியைப் பெண்கள் பக்கம். பாடற்குழு அக்கா யாரையும் கேட்காமல் ஹார்மோனியத்தை இழுத்து வைத்து, என் கிற்றாருக்குச் சுருதி சேர்த்தார். அவர் கை வைத்ததும் என் பாட்டுக்கு அதுவரை இல்லாத ஒரு அடிநிலம் வந்தது. நானாவின் கவிக்கு அக்காவின் குழுப் பிள்ளைகள் இரண்டாம் குரல் பிடித்தார்கள். "அவட வாப்பா" என்று வரும்போதெல்லாம் ஒரு பெரியவர் வாங்குப் பலகையில் தட்டினார்.

கடைசியாக ஒரு பாட்டு வைத்திருந்தேன். அதை நான் எவருக்கும் பாடிக் காட்டியதில்லை, நானாவுக்கும் இல்லை. கொஞ்சம் என்னைப் பற்றியது என்பதால் வெட்கம். பாடாமல் விடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சனத்துக்கு முன்னால் எனக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"குடாவுக்குள்ள எத்தினை கப்பல்,
நான் ஒண்டிலும் ஏறினதில்லை.
உலகம் முழுக்க எங்கட வாசலுக்கு வருகுது,
நான் சந்தைக்குப் போயிட்டு வாறன்."

மெதுவான பாட்டு. ஆரும் கூடப் பாடவில்லை, சிரிக்கவும் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கப்பல்களைப் பார்த்தே வளர்ந்து, ஒரு நாளும் எங்கும் போகாத பெண்கள் அந்த வாங்குகளில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் தலை குனியவில்லை. நேராக என்னைப் பார்த்தார்கள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. நிறுத்தாமல் பாடினேன். மைக் இருந்திருந்தால் அந்த இடத்தில் அதன் பின்னால் ஒளிந்திருப்பேன். முடிந்தபோது சற்று நேரம் மௌனம். அந்த மௌனம் எனக்குப் பயமாக இல்லை. பிறகு பின்பக்கத்துப் பாயில் இருந்து ஒருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர், பிறகு கோயில் முழுக்க எழுந்து நின்று தட்டியது. என் கணவரும் நின்றார். ஐந்து வருடமாகக் குசினிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து துண்டு துண்டாகக் கேட்டவர், அன்றைக்குத்தான் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டாராம்.

"இவ்வளவு நாளும் இதையோ நீ முணுமுணுத்துக்கொண்டு திரிஞ்சனி?" என்று கேட்டார் பிறகு. "ஓம்" என்றேன். அவர் கிற்றாரைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

வெளியே மர நிழலில் பிளேன்ரீயும் மீன் ரோல்சும் வைத்திருந்தார்கள். சாப்பிட விட்டால்தானே. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக் கதைத்தார்கள். ஒரு பெண் தன் மாமியின் கதையைச் சொல்லி, அதைப் பாட்டாக்கித் தரமுடியுமோ என்று கேட்டாள். நானாவைச் சுற்றி வாலிபர்கள் நின்று றபான் தட்டிப் பார்த்தார்கள். பாதிரியார் எல்லோருக்கும் நடுவில் நின்று, இதைச் செய்தது தான்தான் என்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அது உண்மையும்தான்.

பாடற்குழு அக்கா கடைசியில் வந்தார். ஒரு பார்சலில் ரோல்சைச் சுற்றி என் கையில் வைத்தார்.

"உங்கட கப்பல் பாட்டில மூண்டாவது அடி கொஞ்சம் உயரத்தில தொடங்குது. உங்கட குரலுக்கு அரைச் சுருதி இறக்கினால் வடிவா இருக்கும்."

"சரி அக்கா."

"எனக்கும் சொந்தமா ரெண்டு பாட்டுக் கிடக்கு," என்றார், குரலைத் தாழ்த்தி, திரும்பிப் பாதிரியார் கேட்கிறாரா என்று பார்த்துக்கொண்டு. "பூசைப் பாட்டு இல்லை."

நான் ரோல்ஸ் பார்சலை நானாவின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துத் திரும்பவும் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். வாங்குகளை ஒதுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அக்கா ஹார்மோனியத்துக்கு முன்னால் இருந்து, தொண்டையைச் செருமி, பாடத் தொடங்கினார். கடல் பக்கத்து யன்னல்களில் இன்னும் வெளிச்சம் நிறைய இருந்தது.