இரண்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அத்தான்

முப்பது வருடமாகப் படம் எடுக்கிறேன். வெட்கங்கெட்டவன் என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்த முதல் வருடமே என் லென்ஸில் கீறல் விழுந்தது. அன்றிலிருந்து பில்டர் மாட்டாத லென்ஸை வெளியே எடுக்க மாட்டேன். பில்டர் என்றால் லென்ஸின் முகத்தில் திருகி மாட்டும் வட்டக் கண்ணாடி. அடிபட்டால் அது வாங்கிக்கொள்ளும். நான் வாங்குவது இருப்பதிலேயே மட்டமானதுதான். ஒருமுறை பழையது கீறிப்போய், கழற்றவும் வராமல் இறுகிக்கொண்டது. விடுவேனா? அதன் மேலேயே புதிதாக ஒன்றைத் திருகிவிட்டேன்.

"சட்டைக்கு மேல சட்டையா?" என்று சிரித்தாள் மனைவி.

"உன் வேலையப் பாரு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இதய ஆபரேஷனுக்குப் போகும் முன் அக்காவோடு ஒரு படம் வேண்டும் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எப்போது கேட்டாலும் எனக்குத்தான் நேரம் இருக்காது. அன்று காலை முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, தன் வீட்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா.

எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அத்தான் முகம் புகைக்குள் இருப்பதுபோல் வெளுத்திருந்தது. கன்னத்தில் பச்சையாக ஒரு திட்டு வேறு.

"அத்தான், ஆடாம இருங்க!"

"ஆடலையே மாப்ள."

"ஆடுறீங்க. எனக்குத் தெரியாதா?"

மறுபடி எடுத்தேன். அதே புகை. மூன்றாவது தடவை கத்தியே விட்டேன். மனுஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில், "கை நடுங்குது போல. மன்னிச்சுக்கோ மாப்ள" என்றார்.

"சரி விடுங்க, ஆபரேஷன் முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்" என்று பையை மூடினேன்.

ஆள் ஆடினால் படம் இழுபடும். புகை படராது, பச்சைத் திட்டும் விழாது. இது தெரியாதவனா நான்? கண்ணாடியில்தான் கோளாறு என்று அப்போதே உறுத்தியது. என் சாமான் சரியில்லை என்று அக்கா முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்காக அத்தான் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து, பில்டரைக் கழற்றித் தரச்சொல்லி லென்ஸ் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். இரண்டையும் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னண்ணே இது, இவ்ளோ நல்ல லென்ஸு முன்னாடி ரெண்டு ஜன்னல் கண்ணாடிய மாட்டி வச்சிருக்கீங்க! எதிர்வெளிச்சம் உள்ளயே முட்டி முட்டித் திரும்புமே. ஒரு முகமாவது தெளிவா விழுந்துச்சா?"

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அதே ஜன்னல், அதே காலை வெயில். அத்தான் உட்கார்ந்த நாற்காலியை வெறும் லென்ஸால் எடுத்தேன். பிரம்பு பிரிந்திருந்த ஓரம்கூடத் துல்லியமாக விழுந்தது.

அக்காவிடம் காட்டினேன்.

"அன்னைக்கு அத்தான் ஆடலக்கா. என் கண்ணாடிதான் மோசம். அப்பவே எனக்குத் தெரியும்."

செருப்பைக் கழற்றுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில தினமும் கட்டில்ல நிமிந்து உக்காந்து, கைய முழங்கால் மேல வச்சுக்கிட்டு, என்னை எண்ணச் சொல்லுவாருடா. எத்தனை வரைக்கும் ஆடாம இருக்கேன்னு பாருன்னு. வீட்டுக்கு வந்ததும் உன்னை மறுபடி எடுக்கச் சொல்லணுமாம். கடைசி நாள் நாப்பது வரைக்கும் எண்ணினேன்."