மனுவல் அங்கிளுக்குச் சூப் வைத்த காலம்

ஒலிவ் எண்ணெயில் உள்ளி பொரியும் வாசம் பேஸ்மென்ட் படியேறி வரும்... பின்னேரம் ஆகிவிட்டது என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

இன்றைக்கு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கிருந்தோ அதே வாசம் வந்தது. கால் கடுக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கனடாவுக்கு வந்த புதிதில் எல்லோரும் எனக்குப் பாடிய பாட்டு ஒன்றுதான். "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லாமல் ஒருத்தரும் வேலை தராயினம். முதல்லை வாலன்டியர் செய்."

சரியென்று ஒரு சமூக நிலையத்தில் பெயர் கொடுத்தேன். நோயாளி இருக்கும் வீட்டில் தங்கி, பின்னேரங்களில் அவருக்குத் துணையாக இருக்க வேண்டும். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு போர்த்துக்கீசக் குடும்பத்தின் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் என்னை வைத்திருந்த சித்திக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை. "ஸ்காபரோவிலை இல்லாத வீடே? உவள் ஏன் அங்கை போய்க் கிடக்கப் போறாள்?" என்று என் முன்னாலேயே சித்தப்பாவிடம் கேட்டார்.

போன பிறகுதான் விளங்கியது, கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் தேடிப் போன வீட்டில் இங்கிலீஷே இல்லை! மரியா அன்ரிக்கு ஏதோ ஒன்றிரண்டு சொல் வரும். அவருடைய கணவர் மனுவல் அங்கிள் கொங்கிரீட் வேலை செய்தவர். ஸ்ட்ரோக் வந்து பேச்சும் வலது கையும் போயிருந்தது. குசினி, மேசை, கதிரை, பாண் என்று போர்த்துக்கீசர் எங்கள் ஊரை ஆண்ட காலத்திலேயே நாங்கள் அவர்களிடம் வாங்கி வைத்த சொற்களைக் கொண்டு முதல் கிழமையை ஓட்டினேன்.

மேலே பளபளவென்று ஒரு குசினி இருந்தது. அதில் தண்ணீர்கூடக் கொதிக்க வைக்க மாட்டார்கள். சமையல், சாப்பாடு, சண்டை எல்லாம் பேஸ்மென்ட் குசினியில்தான். மேலே உள்ளது வருகிறவர்கள் பார்ப்பதற்கு. நல்ல கோப்பைகளை ஷோகேசில் பூட்டி வைக்கிற எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்னேரம் அன்ரி ஒஃபீஸ் கிளீனிங் வேலைக்கு வெளிக்கிடுவார். சூப்பும் பாணும் எடுத்து வைத்துவிட்டு, என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு நானும் அங்கிளும்தான்.

அங்கிள் சாப்பிட மாட்டார்.

சூப்பை முன்னால் வைத்து, கரண்டியை இடது கையில் கொடுப்பேன். குறையக் குறைய விடுவதற்கு அகப்பையும் கையுமாகப் பக்கத்தில் நிற்பேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையைக் காட்டுவார். அது அன்ரி இருக்கிற கதிரை. பாவம், மனுசியைத் தேடுகிறார் என்று நினைத்து, "மரியா வேர்க்... வேர்க்" என்பேன். இல்லையென்று தலையாட்டி மறுபடியும் காட்டுவார். நானே கரண்டியை எடுத்துத் தீத்தப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

கடைசியில் அன்ரிதான் வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் இருந்து, தானும் ஒரு துண்டுப் பாணைக் கடித்தபடி தீத்துவார். அன்ரியின் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் லூசியா வந்தாள். அவளுக்கு நல்ல இங்கிலீஷ். அப்பா மெலிந்துகொண்டே போகிறார், அம்மாவும் படுத்துவிடுவா போல இருக்கிறது, இப்படியே போனால் நேர்சிங் ஹோமில்தான் விட வேண்டும் என்றாள். அன்ரி மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எல்லோரோடும் இருந்து அங்கிள் வயிறாரச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. என்னில்தான் பிழை என்று அழுதேன். சித்திக்குப் போன் எடுத்தால், "பேசாமல் வெளிக்கிட்டு வா" என்றார்.

அடுத்த நாள் வேலை தேடி ஸ்னோவில் அலைந்துவிட்டு வந்தேன். நிற்க ஏலாது. அங்கிளுக்குச் சூப்பை வைத்தேன். எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றி, அன்ரியின் கதிரையில் தொப்பென்று இருந்து குடிக்கத் தொடங்கினேன். இருந்த பசியில் அவரைப் பார்க்கவுமில்லை.

பக்கத்தில் கரண்டிச் சத்தம் கேட்டது...

அங்கிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டுப் பாணை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்ரியிடம் சொன்னபோது முதலில் சிரித்தார், பிறகு அழுதார். லூசியாதான் போனில் விளக்கம் சொன்னாள். அவள் அப்பா தன் மேசையில் ஒரு ஆள் நிற்க ஒருநாளும் சாப்பிட்டதில்லையாம். அன்ரி அடுப்படியில் நின்றால், அவர் வந்து இருக்கும்வரை சாப்பாடு ஆறினாலும் தொடமாட்டாராம்.

எங்கள் வீடுகளில் ஒருவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் போடுவதுதான் மரியாதை. நான் மரியாதை செய்யச் செய்ய அந்த மனுசன் பட்டினி கிடந்திருக்கிறார்!

நேர்சிங் ஹோம் கதை அத்தோடு நின்றது. அங்கிள் கடைசிவரை அந்தப் பேஸ்மென்ட் குசினியில்தான் சாப்பிட்டார்.

அந்த வாலன்டியர் வேலையைக் காட்டித்தான் எனக்கு இப்போதைய வேலை கிடைத்தது. நேர்சிங் ஹோமில் வயது போனவர்களைப் பார்க்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு மேசை முழுக்க என் பொறுப்பு. பக்கத்தில் இருந்துதான் தீத்த வேண்டும் என்று படிப்பித்தார்கள். வேலைக்கு ஆள் காணாத நாளில் எங்கே இருப்பது? இந்த வாய்க்கு ஒன்று, அந்த வாய்க்கு ஒன்று என்று நின்றபடியே ஓடுகிறேன். ஷிஃப்ட் முடிய முதுகு விட்டுப்போகும். மனுவல் அங்கிள் இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இப்படிச் செய்கிறேன். அதுதான் மனதுக்கு ஆறவில்லை.

இன்றைக்கு மத்தியானம் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவருக்குத் தீத்தினேன். பிள்ளைகளின் பெயர்கூட அவருக்கு மறந்துபோய்விட்டது. கரண்டியைக் கிட்டக் கொண்டுபோக, என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ சாப்பிட்டனியே பிள்ளை?"

"ஓம் அன்ரி, சாப்பிட்டன். நீங்கள் ஆவெண்டுங்கோ."

நம்பி வாயைத் திறந்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.