ஒன்பதுக்கு ஏழு

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், திசுவை மெழுகில் புதைத்துச் சீவும் அறையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயமேற்றி டாக்டரம்மாவிடம் கொடுக்க வேண்டும். குப்பியில் ஒட்டிய நம்பரைப் பார்ப்பாள், பெயரைப் பார்க்கமாட்டாள். பார்த்தால் மனசு ஒரு பக்கமும் கத்தி ஒரு பக்கமும் போகும்.

அன்று காலை வந்த குப்பியில் பெயரைப் பார்க்கவே தேவையில்லை. அது அவள் புருஷனுடையது.

பூட்டு ரிப்பேர் கடைக்காரர். ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து ஆறு மாதம் படுத்த படுக்கை. கடைசியில் ஈரலில் பாதியைக் கொடுத்தது அவள் தம்பி. பத்து வருடமாக மச்சானோடு முகம் கொடுத்துப் பேசாதவன். "அக்காவுக்காகத்தான்" என்று சொல்லியே கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் அவருக்குக் காய்ச்சல். கண்ணில் மறுபடி மஞ்சள். புது ஈரலை உடம்பு ஏற்கிறதா, தள்ளுகிறதா என்று பார்க்கத்தான் ஊசியால் துணுக்கு எடுத்திருந்தார்கள்.

அவளோடு வேலை பார்ப்பவள் பிரசவ லீவில் இருந்தாள். டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார்.

"வெளியில அனுப்பிடலாம்மா. நீ செய்ய வேணாம்."

"வெளியில போனா நாளைக்குத்தான் வரும் மேடம். விடுங்க, நானே பண்றேன்."

மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. முதல் சீவல் கிழிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்தது கிழியவில்லை.

மாலை நாலு மணிக்கு டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஈரலில் மூன்று இடம் பார்ப்பார்கள்: ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து நுழையும் பகுதி, பித்தக்குழாயின் சுவர், ரத்தக்குழாயின் உள்பக்கம். வீக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை மார்க். கூட்டினால் ஒன்பது. இந்தப் பரீட்சையில் மார்க் ஏற ஏற ஆபத்து.

"மூணு... ரெண்டு... ரெண்டு."

"ஏழு" என்றாள் அவள். கூட்டத் தெரியாதா?

"கடுமையானதுதான். மறைக்கல."

"ஏழு வாங்கினவங்க பிழைச்சிருக்காங்களா மேடம்?"

"இருக்காங்க. நாலு வாங்கிட்டுப் போனவங்களும் இருக்காங்க. இந்த நம்பர் இன்னைக்கு எவ்வளவு வீங்கியிருக்குன்னு சொல்லும்மா. மருந்துக்கு அடங்குதா இல்லையான்னு பாத்தாத்தான் மத்தது தெரியும்."

கீழ்த்தளத்தில் தம்பி தையலோடு படுத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான் என்னைக்கு என்னைய வீட்டுக்குள்ள சேத்தாரு, இப்ப சேக்கறதுக்கு?" சிரிப்பு வலித்திருக்க வேண்டும், சட்டென்று நின்றது. "அக்கா, நான் குடுத்ததுல ஏதும் கோளாறா?"

"உன்மேல ஒண்ணும் இல்லடா. தூங்கு."

மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி. மஞ்சள் பாதிதான் இறங்கியது. அதற்கும் மேலான மருந்து ஒரு வாரத்துக்கு மேல் ஏறியது. காய்ச்சலில் அவர் யார் யாரையோ கூப்பிட்டார், இவளை மட்டும் கூப்பிடவில்லை. இரண்டாவது துணுக்கையும் அவளே சீவினாள். இரண்டு மார்க். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. புது ஈரலை உடம்பு தள்ளாமலிருக்கக் காலையும் மாலையும் தவறாமல் மாத்திரை. அதனால் அவருக்குக் கை நடுங்குகிறது. சின்னப் பூட்டின் துளையில் சாவி நுழைவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி கடைக்கு வந்து அரத்தால் சாவி ராவிக் கொடுக்கிறான். "இன்னும் கொஞ்சம் ராவு", "போதும் மச்சான்" என்பதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

மூன்றாவது மாடியில் யாராவது, "வீட்டுக்காரர் தேறிட்டாரா?" என்று கேட்டால், அவள் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்:

"இருக்காரு."