என் கைக்கு ஒரு கத்தி

எனக்குக் கோபம் வராத ஒரே இடம் மலைதான். அந்த இடத்தையும் ஒரு மடக்குக் கத்தி கெடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கணவரும் இன்னும் சில அலுவலக நண்பர்களும் சேர்ந்து மலையேறப் போவோம். அன்று போனது பெங்களூருக்கு வெளியே ராமநகரம் பக்கத்துப் பாறை மலை. உச்சியில் உட்கார்ந்ததும் வெள்ளரிக்காய் நறுக்கக் கத்தி கேட்டேன். ஒரு நண்பர் தன் மடக்குக் கத்தியை விரித்து, பாறைமேல் வைத்தார். நம் ஆட்கள் கத்தியை யாருக்கும் கையில் கொடுப்பதில்லை. கைக்குக் கை கொடுத்தால் இருவருக்கும் சண்டை வருமாம். நாளெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமெரிக்காவோடு பேசுகிறவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் துணிய மாட்டார்கள். வைத்த கத்தியை எடுத்து வெள்ளரிக்காயில் அழுத்தினேன். அலகு மடங்கி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது.

கைக்குட்டை சிவப்பாகிக்கொண்டிருக்கும்போது என்னைச் சுற்றி நின்றவர்கள் சொன்னது இதுதான்: "பீச்சாங்கையில பிடிச்சா அப்படித்தான் ஆகும்." அதை முதலில் சொன்னவர் என் கணவர். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள்.

நான் இடது கைக்காரி. ஆம்பூரில் பள்ளியில் அடித்தும் வீட்டில் மிரட்டியும் மாறாத கை இது. சாப்பிடுவதற்கு மட்டும் வலது கை என்று சின்ன வயதிலேயே ஒத்துக்கொண்டேன். அந்த ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டேன். எழுதுவது, நறுக்குவது, தைப்பது, கோபம் வந்தால் கதவைச் சாத்துவது எல்லாம் இடது கைதான்.

தையல் போட்ட விரலோடு உட்கார்ந்து அந்த வாரம் முழுக்கப் படித்தேன். எனக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது. மடக்குக் கத்திகளில் பலவற்றில், விரித்த அலகு மடங்காமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய தகடு முட்டுக்கொடுத்து நிற்கிறது. வலது கையில் பிடித்தால் அந்தத் தகட்டின் மேல் விரல் படாது. இடது கையில் இறுக்கிப் பிடித்தால் விரல்களே அதைத் தள்ளிவிடும். கத்தியைச் செய்தவன் வலது கைக்காரனை மட்டும் நினைத்துச் செய்திருக்கிறான். அடி வாங்கியது நான், பழியும் எனக்கு. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மடங்காத கத்தியில் இந்தத் தொல்லை கிடையாது. அலகும் பிடியும் ஒரே துண்டு, எந்தக் கையில் பிடித்தாலும் ஒன்றுதான். அதனால் அப்படி ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது சின்னதாக, அலகு என் உள்ளங்கை நீளத்துக்கு மேல் போகாதது. மலையில் பழம் நறுக்க, கயிறு அறுக்க, மற்ற நாட்களில் பார்சல் பிரிக்க. வியர்வையும் எலுமிச்சைச் சாறும் படும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு. என் கை சின்னது. பிடி நாலு விரலுக்கு அடங்க வேண்டும். முக்கியமானது உறை. இடது இடுப்பில் மாட்டி, இடது கையால் உருவும்படி இருக்க வேண்டும். மெட்ரோவில் பையைச் சோதித்துக் கத்தியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். நான் ஸ்கூட்டரில் போகிறவள், எனக்கென்ன.

இவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை மதியம் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் வீட்டில் ஒருவர் இருக்கிறாரே.

என் கணவர் பெங்களூர் காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். இந்த வீட்டில் எது வாங்கினாலும் அவர்தான் ஆராய்ச்சி செய்து வாங்க வேண்டும். என் மலையேறும் ஷூ அவர் தேர்ந்தெடுத்தது, கடிக்கும். என் முதுகுப்பை அவர் தேர்ந்தெடுத்தது, தோளில் நிற்காது. நான் கத்தி என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிடும்போது கத்தி வீடியோ, பல் துலக்கும்போது கத்தி வீடியோ. யாரோ ஒரு தாடிக்காரன் காட்டில் உட்கார்ந்து விறகைப் பிளந்துகொண்டே இருப்பான்.

"கார்பன் ஸ்டீல்தான் ஸ்டீல். மத்ததெல்லாம் ஸ்பூன்" என்று ஒரு நாள் அறிவித்தார்.

"அது துருப்பிடிக்கும்ங்க. துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சுக்கணும்."

"போடணும். கத்தின்னா பராமரிக்கணும். சும்மா இல்ல."

சொன்னவர் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கிற மனிதர். எத்தனை கோபம் வந்தாலும் என் வாயில் அவருக்கு 'ங்க' போட்டுத்தான் வரும். அதுவே எனக்கு இன்னும் எரிச்சல்.

இருவருமாகச் சிவாஜிநகரில் ஒரு கத்திக் கடைக்குப் போனோம். வாங்க வந்தவள் நான். கடைக்காரர் பேசியதெல்லாம் அவரிடம்.

"சார், மேடத்துக்குக் கிச்சன் செட் நல்லா இருக்குது. காட்டவா?"

"மலைக்குப் போறதுக்கு. எனக்கு" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். நாலைந்து கத்திகளை எடுத்துக் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தார். அவரும் கையில் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து இடது கையில் பிடித்துப் பார்த்தேன்.

"அச்சா கை, ரைட் ஹேண்ட் யூஸ் பண்ணுங்க மேடம், அப்போதான் பேலன்ஸ் தெரியும்."

"இதுதான் என் அச்சா கை" என்றேன். கணவர் என் முழங்கையை லேசாக இடித்தார்.

நாலாவது கத்தி எனக்கானது. எடுத்ததும் தெரிந்துவிட்டது. பிடி கறுப்பு மரம், நாலு விரலும் சரியாக உட்கார்ந்தது. உறை சாதாரணத் தோல் உறை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இடது இடுப்பில் வைத்து இழுத்துப் பார்த்தேன், நெய் போல வந்தது. வெகுநாள் கழித்து ஒரு பொருளைக் கையில் பிடித்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு கணவர் கண்ணில் பட்டிருக்கக் கூடாது.

"இது ஸ்டெயின்லெஸ். பேடா, வேணாம்" என்று, கத்தியை என் கையிலிருந்து வாங்காமலே வாயால் வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "நான் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ஆர்டர் போட்டு ஆயுத பூஜைக்குத் தரேன். கிஃப்ட்டு."

"இடது கை உறை வேணும்."

"இடது கை உறைதானே, இருக்கு. சொல்லியே வாங்கறேன்."

பரிசு என்று சொல்லிவிட்டால் மறுக்க முடியாது. இந்த மனிதர்கள் பிடிக்கிற பிடி அது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்று தெரு முழுக்க உடைத்த பூசணிக்காய், காலை எங்கே வைத்தாலும் வழுக்கும். எங்கள் வீட்டிலும் ஸ்கூட்டரைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கூடத்தில் சிவப்புத் துணி விரித்து இரண்டு லேப்டாப், மிக்ஸி ஜார், ஸ்குரூ டிரைவர்கள், அரிவாள்மணை எல்லாம் வரிசை. நடுவில் என் புதுக் கத்தி. பூஜை நாள் வரும்வரை காட்ட மாட்டேன் என்று ஒளித்து வைத்திருந்தவர், தானே பெட்டியைப் பிரித்து, அலகில் நீளமாகச் சந்தனம் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்திருந்தார். கற்பூரம் காட்டியபின் அதே கத்தியால் எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவினார். துடைக்காமல் கத்தியைத் துணிமேல் திரும்ப வைத்தார். இனி மறுநாள் காலைவரை அதைத் தொடக் கூடாது, முறை அது.

தொடாமலே குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த உறை கெட்டியான பிளாஸ்டிக். பெல்ட்டில் மாட்டும் கொக்கி ஒரு பக்கம் மட்டும், கழற்ற முடியாதபடி பதித்தது. வலது இடுப்புக்கானது. அதை இடது பக்கம் மாட்டி உருவினால் கூர் என்னைப் பார்த்துத்தான் வரும்.

"உறை வலது கைக்கு இருக்குதுங்களே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல" என்றார். கையில் சுண்டல் கிண்ணம். "ரெண்டும் இருந்துச்சு. வேணும்னுதான் இதைப் போட்டேன். ரைட் ஹேண்ட்ல பழகிக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். எல்லார் முன்னாடியும் பீச்சாங்கையில நறுக்கிக் குடுத்தா யார் வாங்கித் தின்பாங்க? அவங்க சொல்ல மாட்டாங்க, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு."

மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். மறதி அவருக்குப் பிறவிக் குணம். ஆனால் இரண்டு உறையையும் பார்த்து, என் பேச்சையும் ஞாபகம் வைத்து, யோசித்து, இதைப் போட்டிருக்கிறார். எட்டு வயதில் டீச்சர் செய்ததை நாற்பது வயதில் கணவர் செய்கிறார், அதுவும் பரிசு என்று சொல்லி. இத்தனை வருஷமாக இந்தக் கை நறுக்கிப் போட்ட காயைத்தானே தின்றார்? வீட்டுக்குள் இனித்த கை மலை உச்சியில் நாலு பேர் பார்த்தால் நாறுகிறதா? இவ்வளவும் வாய்வரை வந்தது. சாமி முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விழுங்கிவிட்டு எழுந்து போனேன்.

விஜயதசமி காலை குளித்துவிட்டு வந்து கத்தியை எடுத்தேன். இடது கையால்தான். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் அலகு கறுத்திருந்தது. எலுமிச்சைச் சாறு பட்ட விளிம்பில் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. ஒரு பழம்கூட நறுக்காத கத்தி.

காபியோடு வந்தவர் பார்த்தார். "அய்யய்யோ. தொடச்சா போயிடும்."

"எலுமிச்சைச் சாறோட ராத்திரி பூரா வெச்சா கார்பன் ஸ்டீல் கறுக்கும்னு உங்க தாடிக்காரர் சொல்லலையா?"

"சாமிக்கு வெச்சதுடி. அப்படியெல்லாம் பேசாதே."

"சாமி என் கையைப் பத்தி ஒண்ணும் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க."

அவர் முகம் சுருங்கியது. "சரி, அங்க வை. நான் சுத்தம் பண்றேன்" என்று மேஜையைக் காட்டினார்.

நான் வைக்கவில்லை. அலகைப் பிடித்துக்கொண்டு, பிடி அவர் பக்கம் வரும்படி நீட்டினேன். இடது கையை நேராக நீட்டினேன்.

"கீழ வை."

"வாங்கிக்கோங்க."

"என்ன இது, பீச்சாங்கையில... கைக்குக் கை குடுக்கக் கூடாதுன்னு தெரியாதா? சண்டை வரும்."

"தெரியும்ங்க. தெரிஞ்சுதான் குடுக்கறேன்."

காபி டம்ளரை வைத்தார். மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நான் இறக்கவில்லை. கடைசியில் வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழம் நசுங்கித் தெறித்தது. சிவாஜிநகர்க் கடை திறந்திருந்தது. கறுப்பு மரப் பிடிக் கத்தி நான் வைத்துவிட்டு வந்த இடத்திலேயே இருந்தது. கடைக்காரர் எனக்குப் பின்னால் சாரைத் தேடினார். "சார் வரல. நான்தான் வாங்கறேன்" என்றேன்.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறோம், ஒரே ஸ்கூட்டரில், பேசாமல். உச்சியில் உட்கார்ந்து, இடது இடுப்பிலிருந்து கத்தியை உருவி, கொய்யாப்பழம் நறுக்கி, அதே கையால் எல்லாருக்கும் நீட்டுகிறேன். எல்லாரும் வாங்கித் தின்கிறார்கள். அவருக்கும் நீட்டுகிறேன். அவர் பசியில்லை என்கிறார்.