இண்டைக்கு ஹெலி இருக்கோ?

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் மற்றவர்கள் வெளியே கிளம்புமுன் மழை வருமா என்று போனைப் பார்ப்பார்கள். பவளக்கொடி புருஷன் முகத்தைப் பார்ப்பாள். "இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஹெலி இருக்கோ?" என்று கேட்பாள். கணேஸ்வரன் காதில் செருகியிருக்கும் வயரை விரலால் அழுத்திப் பிடித்து, ஏதோ பெரிய கணக்குப் போடுகிறவர் மாதிரிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "இல்லை. போயிட்டு வாரும்" என்பார். அதற்குப் பிறகுதான் அவள் நீலக் கோட்டைக் கையில் எடுப்பாள்.

ஹெலிகொப்டர் என்றால் சண்டைக் காலத்தில் ஊரில் ஒரே ஒரு பொருள்தான். சத்தம் கேட்டவுடன் குப்புறப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆமிக்காரன் மேலேயிருந்து சுடுவான். பவளக்கொடி பள்ளிக்கூடம் போகிற வயதில் அதைப் பழகியவள். லண்டனுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும், கூரைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரிக்குள் போய் தூசி உறிஞ்சும் ஹூவருக்குப் பக்கத்தில் குந்திவிடுவாள். அப்படிக் கருகிப்போன கறிகள் கொஞ்சநஞ்சமல்ல. இங்கே பறக்கிற ஹெலி, விபத்தில் அடிபட்டவர்களிடம் டொக்டரைக் கொண்டுபோகிற ஹெலி. மகள் வாணி அதைப் படம் போட்டும் காட்டியிருக்கிறாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. என்ரை காலுக்குத்தான் தெரியேல்லை" என்றாள் தாய்.

 

கணேஸ்வரனுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட். மத்தியானத்துக்குப் பிறகு ஆள் சும்மாதான். அவர் ஒன்லைனில் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கினார். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி, மேலே ஒரு ஏரியல். ஹெலி ஓட்டுகிறவரும் கீழேயிருந்து வழிவிடுகிறவரும் பேசிக்கொள்வதை அது பிடித்துத் தரும். யாருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் வராது. எங்கே போகிறது, எவ்வளவு உயரத்தில் போகிறது, அவ்வளவுதான். 'ஹெலிமெட்' என்பது அந்த ஹெலிக்கு வானொலியில் சொல்கிற பெயர் என்று மனுஷனுக்குத் தெரியாது. முதல் ஒரு மாதம், யாரோ ஒருத்தன் நாள் முழுக்க ஹெல்மெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அப்பா, அதைக் கேக்கிறது இந்த நாட்டிலை சட்டப்படி பிழை" என்றாள் வாணி.

"நான் கேட்டு ஆருக்குச் சொல்லப்போறன்? உன்ரை அம்மாவுக்குத்தானே."

ஆனாலும் பயந்து, அன்றிலிருந்து வயர் போட்டுத்தான் கேட்பார். ஹெலி கிளம்பியதும் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். "ஆஸ்பத்திரி ஹெலி வருது. மேலாலை சட்டன் பக்கம் போகுது. எங்களுக்கில்லை." சத்தம் வருமுன் இந்தச் செய்தி வந்துவிட்டால், பவளக்கொடிக்கு நிற்க ஏலும். கையில் அகப்பையுடன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அது போன பிறகு கறியைக் கிண்டுவாள். ஸ்கேனர் அவளுக்காகத்தான் வாங்கினது என்று கணேஸ்வரன் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

சிக்கல் எங்கே என்றால், விபத்து நடக்குமுன் அதைச் சொல்கிற ஸ்கேனர் எந்தக் கடையிலும் இல்லை. கிளம்பின ஹெலியைத்தான் அவரால் சொல்ல முடியும். இனிக் கிளம்பப்போகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவளுக்குச் சீனி வருத்தம். தினமும் நடக்காவிட்டால் இன்சுலின் ஊசி போடவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். "தெரியாது" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் கோட்டைத் திரும்பக் கொக்கியில் கொளுவிவிடுவாள். அதனால் நாலு வருஷமாக ஒரு நாள் விடாமல் "இல்லை" என்றார். அவளும் நம்பினாள்.

செப்டம்பர் மாதம், நல்ல வெய்யில். அன்றும் கேட்டாள், அன்றும் "இல்லை" என்றார். வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அவர் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும்போது காதில் குரல் வந்தது. ஹெலிமெட், வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் இறங்குகிறது.

அவளுக்குப் போன் அடித்தார். அவள் போன் சமையலறை மேசையிலேயே கிடந்து பாடியது. வீட்டுச் செருப்போடு ஓடினார். அவர் ஓடி வருஷக்கணக்காகியிருந்தது.

ஹெலி புல்லில் இறங்கி நின்றது, மேலே இறக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தெருவோரம் ஒரு காரும் நசுங்கிய சைக்கிளும், சுற்றிவரச் சனம். கணேஸ்வரனின் கண் அங்கே போகவில்லை. புல்லின் நடுவே நீலக் கோட்டு ஒன்று குப்புறக் கிடந்தது. அசைவில்லை. ஹெலியிலிருந்து இறங்கிய, செம்மஞ்சள் உடுப்புப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் சனத்தை நோக்கி ஓடினார். மற்றவர், ஒரு இளம் பெண் டொக்டர், நீலக் கோட்டை நோக்கி ஓடினாள்.

எங்களுக்கில்லை எங்களுக்கில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எங்களுக்கே வந்துவிட்டது என்று நினைத்தார்.

கிட்டப் போனபோதுதான் அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருப்பதைக் கண்டார். டொக்டர் முழங்காலில் இருந்து, எங்கே நோகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு உயிர் வந்தது. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: இவளுக்கு அடி ஒன்றுமில்லை, எங்கள் நாட்டில் ஹெலி வந்தால் இப்படித்தான் படுப்போம். டொக்டர் அவரைப் பார்த்தாள். பவளக்கொடியின் முதுகில் ஒரு தரம் கையை வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள்காரனிடம் ஓடினாள்.

"இஞ்சாரும், நான்தான். எழும்பும்."

பவளக்கொடி முகத்தைத் திருப்பினாள். கன்னத்தில் புல் ஒட்டியிருந்தது.

"இல்லையெண்டு சொன்னியள்."

"எனக்கு ஒருநாளும் தெரியாது. உம்மை நடக்க வைக்கிறதுக்காகச் சொன்னனான்."

அவள் கோபிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து ஹெலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ளையிருந்து ஆக்கள் இறங்கினவை" என்றாள்.

"ஓம்."

"ஊரிலை ஒருத்தரும் இறங்கினதில்லை. அதுக்குள்ளை ஆக்கள் இருக்கினம் எண்டே நான் நினைக்கேல்லை."

வீட்டுக்கு வந்ததும் அவரிடமிருந்து ஸ்கேனரை வாங்கி வயரைப் பிடுங்கினாள். அறை முழுக்க இரைச்சல். கொஞ்சத்தில் ஒருவன் பேசினான், கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி.

"சின்னப் பொடியன் போலை கிடக்கு. மத்தியானம் சாப்பிட்டிருப்பானோ?" என்றாள்.

பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் இப்போதும் அலுமாரிக்குள்தான் போகிறாள். ஒரு வித்தியாசம், பெட்டியையும் கொண்டுபோகிறாள். போன கிழமை கணேஸ்வரன் சமையலறைச் சிங்கில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். காதில் வயர் இல்லை, முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. சத்தம் ஒரேயடியாகக் கூரைக்கு மேல் வந்தது.

"இஞ்சாருங்கோ" என்று படிக்குக் கீழேயிருந்து குரல் கேட்டது. "ஆஸ்பத்திரி ஹெலிதான். வெஸ்ட் ஈலிங் பக்கம் போறானாம். எங்களுக்கில்லை."

கணேஸ்வரன் கண்ணைத் திறந்தார். சிங்குக்குக் கீழே குந்தியிருந்தார். அரிசிச் சட்டி மடியில் இருந்தது.

"ஓம்" என்றார்.